கன்னத்து நிழல்

புல் வரைவது பொறுமையைச் சோதிக்கிற வேலை, கொத்வால் சாகிப். நகரக் காவலைப் பார்க்கிற உங்களுக்கு அது தெரிந்திருக்காது. நாள் முழுக்க வரைந்தாலும் ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. லாகூர் சித்திரக்கூடத்தில் பேரும் புகழும் முகம் எழுதுகிறவனுக்குத்தான். ஒருவர் கோடு போடுவார், ஒருவர் வண்ணம் பூசுவார், கடைசியில் முகம் மட்டும் என்னிடம் வரும். பறங்கிப் பாதிரிகள் தங்கள் அச்சுப்படங்களைக் கொண்டுவந்து காட்டும் வரை அப்படித்தான் இருந்தது.

அந்தப் படங்களில் கன்னத்தில் நிழல் விழுந்திருந்தது. முகம் தாளை விட்டு எழும்பி நின்றது. நாங்கள் வாய் பிளந்து நிற்க, திலோக்சந்த் மட்டும் தூரிகையை எடுத்தான். என்னைவிடச் சின்னவன், மலையடிவாரத்துக்காரன். அடுத்த மழைக்காலத்துக்குள் முகமெல்லாம் அவனிடம் போயிற்று. எனக்குப் புல் வந்தது.

"உஸ்தாத், தப்பா நினைக்காதீங்க," என்று எல்லார் முன்னாலும் சொன்னான். "நீங்க எழுதுற முகத்துல மாமனார் யாரு, மருமகன் யாருன்னு கட்டிக்கிட்டவளுக்கே தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது உண்மை. அதற்காக யாராவது ஆளைக் கொல்வார்களா? நிழல் போடும் வித்தையை அவனிடமே கேட்டுக் கற்றேன். ஒளிவுமறைவில்லாமல் சொல்லிக்கொடுத்தான். நல்ல பையன்.

தங்கை கல்யாணத்துக்கு அவன் ஊருக்குப் போயிருந்தபோது படைத்தலைவர் வந்தார். அதே மலையடிவாரத்தில் கலகம் செய்கிற ஜமீன்தாரைப் பிடிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த ஜமீன்தாரை நேரில் கண்டவன் இங்கே நான் ஒருவன்தான், எப்போதோ தர்பாரில்.

"எங்க ஆளுங்க யாரும் அவனைப் பார்த்ததில்ல, இத்ரிஸ் மியான். முகத்தை எழுதிக் குடுங்க. கண்டதும் தலையை எடுத்துடுவாங்க."

அந்த முகம் எனக்கு மறந்துபோயிருந்தது. படைத்தலைவரிடம் அதைச் சொல்ல முடியுமா? மனம் மறந்தால் கை தனக்குப் பழகியதைத்தானே எழுதும்? தினமும் என் எதிரில் உட்காருகிற முகம் வந்தது. மூக்கோரம் நிழல், தாடைக்குக் கீழே நிழல். வண்ணம் காயும் முன்னே வாங்கிக்கொண்டு அவர் குதிரை ஏறிவிட்டார். கூடத்தில் வேறு யாரும் பார்க்கவில்லை.

பழைய பாணியில் எழுதியிருந்தால் அந்தப் படத்தை வைத்து ஒருவனையும் பிடித்திருக்க முடியாது. குற்றம் என்று பார்த்தால் பறங்கிப் பாணியின் மேல்தான்.

கல்யாண ஊர்வலத்தில், அத்தனை கூட்டத்துக்கு நடுவே, திலோக்சந்தை ஒரே பார்வையில் அடையாளம் கண்டு தலையை எடுத்தார்களாமே. ஒரே பார்வையில் என்றுதானே சொன்னார்கள்?

எனக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் படத்தை ஒருமுறை காட்டுங்கள். அவன் இடது காதோர மச்சத்தைக் கடைசியாக, ஒற்றை முடித் தூரிகையால் வைத்தேன். சரியான இடத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜமீன்தாருக்கு மச்சம் கிடையாது. நெற்றியில் அம்மைத் தழும்புதான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.