தேதிக்கு முன்னால் வந்த தபால் வேன்

நான் வரிசையில் நிற்பவன், மேடம். ரேஷன் கடையானாலும் சரி, ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்குவதானாலும் சரி, முன்னால் நிற்பவரைத் தாண்டிப் போனதே இல்லை. ஐம்பத்திரண்டு வயதாகிறது, என்மேல் ஒருவரும் குறை சொன்னதில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாணியம்பாடி தோல் டேனரியில் கழிவுநீர்ப் பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர். வெளியூர்க்காரர்கள் கேட்டைத் தாண்டியதுமே மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது உறைப்பதில்லை. எனக்குக் குமட்டுவது வேறு விஷயம்.

நான் உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கார்கள் சேர்க்கிறேன். வீட்டில் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. ஒன்றைக்கூட அட்டையிலிருந்து பிரித்ததில்லை. புது மாடல் கடைக்கு வரும் தேதியைக் கம்பெனி முன்பே அறிவித்துவிடும். அன்று காலை வேலூர் லாங் பஜாருக்குப் போய், காசிநாதன் கடை திறக்கும்வரை காத்திருந்து, அட்டையில் அச்சடித்த விலையைக் கொடுத்து வாங்கி வருவேன். இப்போது ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. குடோனிலிருந்து தேதிக்கு முன்பே கசிந்து வரும் வண்டிகளுக்குப் பத்து மடங்கு, இருபது மடங்கு கொட்டிக் கொடுக்கிறார்கள். மூன்று வாரம் பொறுத்தால் அதே கார், அதே பெயிண்ட், அதே சக்கரம். மற்றவனுக்குக் கிடைக்குமுன் தன் கையில் இருக்கிறது என்று வாட்ஸ்அப் குழுவில் படம் போடத்தான் இவ்வளவும். கல்யாணப் பந்தியில் பரிமாறி முடிக்குமுன் பாயசத்தை உறிஞ்சுகிறவனைப் பார்ப்பதுபோல் எனக்கு அருவருப்பாக இருக்கும்.

இந்த ஜனவரியில் ஒரு சிவப்புத் தபால் வேன். வெளியீடு பிப்ரவரி ஐந்தாம் தேதி. காசிநாதனுக்கு மட்டும் முன்கூட்டியே ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பதினைந்து வருட வாடிக்கை, அச்சடித்த விலைக்கு எனக்குக் கொடுத்துவிடு என்றேன். கேட்பதில் தப்பில்லையே.

"அது போய்ட்ச்சு சார். உங்க கம்பெனி ஃபிட்டர் ஆல்வின் எடுத்துனு போய்ட்டாரு. கேட்ட ரேட்டுக்கு மறுபேச்சே பேசல" என்றான்.

ஆல்வின் எங்கள் மோட்டார்களைப் பழுது பார்ப்பவன். முப்பது வயது. பொங்கல் லீவுக்கு முதல் நாள் அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"இன்னா ஆல்வின், மூணு வாரம் பொறுக்க முடியாதா? இருபது மடங்கு ஜாஸ்தியாமே."

"பன்னெண்டாந்தேதி பாப்பாவுக்கு பர்த்டேண்ணே. ஃபோன்ல படத்தப் பாத்ததுல இருந்து தபால் வண்டி தபால் வண்டின்னு ஒரே பேஜார். பர்த்டே இன்னா நமக்காக நிக்குமா?"

சிரித்துக்கொண்டே போனை நீட்டினான். அவன் மகள் தமிழினி, ஐந்து வயது, அந்த வேனில் நூலைக் கட்டி மண்ணில் இழுத்துக்கொண்டு போகிறாள். அட்டை கிழிந்து ஓரமாகக் கிடக்கிறது. முன்பக்கம் பெயிண்ட் உரிந்திருந்தது. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணத்தையே தள்ளி வைக்கிறார்கள், ஒரு குழந்தையின் பிறந்தநாளைத் தள்ளி வைக்க முடியாதா?

பொங்கலுக்கு டேனரி நான்கு நாள் மூடியிருந்தது. பத்தொன்பதாம் தேதி காலை திறந்தபோது கழிவுத் தொட்டிக்குள் இருக்கும் மோட்டார் ஓடவில்லை. ஆல்வினைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

மூடிக் கிடக்கும் தொட்டியில் விஷவாயு சேரும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமாக இருந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. எங்கள் ஆட்கள் மூக்கை நம்புகிறவர்கள். நாறினால் நிற்பார்கள், நாறாவிட்டால் இறங்குவார்கள். அப்படி இறங்கக் கூடாது என்று சொல்லித் தந்த பயிற்சிக்குப் போனவன் நான் ஒருவன்தான். ஒரு நாள் முழுக்க மூடியைத் திறந்து வைத்து, காற்றடித்து, வாயு அளக்கும் மீட்டரைக் கயிற்றில் இறக்கிப் பார்த்து, நான் கையெழுத்துப் போட்ட பிறகே ஆள் இறங்க வேண்டும்.

ஆல்வின் வருவதற்குள் மீட்டரை இறக்கிப் பார்த்தேன். பார்த்துவிட்டு மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். அது காட்டிய எண்ணையும் நேரத்தையும் அது தனக்குள்ளேயே பதிந்து வைத்துக்கொள்ளும் என்பது, நீங்கள் போன வாரம் எடுத்துக் காட்டும்வரை எனக்குத் தெரியாது.

அவன் மூடியை முழுக்கத் தள்ளிவிட்டு, குனிந்து முகர்ந்தான்.

"மொதல்ல லேசா அடிச்சிதுண்ணே. இப்ப நாத்தமே இல்ல. எறங்கட்டா?"

"எறங்கு."

அவ்வளவுதான் சொன்னேன். கை வைத்துத் தள்ளவில்லை. ஏணியில் நான்காவது படியில் அவன் பிடி விட்டது. ஹெல்பர் பாண்டியன் ஓடிவந்து, "அண்ணே, ஆல்வின் வுழுந்துட்டான்" என்று கத்திக்கொண்டே அவனைத் தூக்க உள்ளே இறங்கினான். பாண்டியனை நான் இறங்கச் சொல்லவில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். அவன் என்னிடம் கேட்கவே இல்லையே. இரண்டு பேரையும் பிணமாகத்தான் தூக்கினார்கள்.

கேட்ட விலையைக் கொடுக்க ஒருவன் இருப்பதால்தான் மேடம், கேட்க ஒருவன் துணிகிறான். எங்கேயாவது ஓரிடத்தில் இது நிற்க வேண்டும். நான் அப்படித்தான் யோசித்தேன். ஆல்வின்மேல் எனக்குப் பொறாமை என்று காசிநாதன் உங்களிடம் சொன்னது அபாண்டம்.

அடக்கம் முடிந்த மறுநாள், இருபத்தொன்றாம் தேதி, துக்கம் விசாரிக்க ஆல்வின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி மேகலா அழுது ஓய்ந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். வாசலில் போட்டிருந்த நாற்காலிகளுக்கு அடியில் குழந்தை உட்கார்ந்து வேனை ஓட்டிக்கொண்டிருந்தது. ஒரு சக்கரம் கோணியிருந்தது. அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குழந்தையின் கையிலிருந்து எடுத்து, கைக்குட்டையில் துடைத்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். தெருமுனைவரை பின்னாலேயே வந்தது.

"பெரியப்பா, எங்கப்பா வாங்கிக் குடுத்த வண்டி. குடு பெரியப்பா."

நான் கோபப்படவில்லை. குனிந்து, தலையைத் தடவித்தான் சொன்னேன்: "அஞ்சாந்தேதி கடைக்கே வந்துடும் பாப்பா, பெரியப்பா புதுசா வாங்கியாறேன். பதினஞ்சு நாள்தானே?"

அது கேட்கவில்லை. தெருவில் விழுந்து புரண்டு அழுதது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை என்பதே இல்லை, மேடம்.