அரைத் தெய்வங்களுக்கு ஒரு நங்கூரம்

இந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறது, ஐயா. ஓர் அட்டையை நாலாக மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்தால் நின்றுவிடும். என் வீட்டு மேசைக்கும் அப்படித்தான் கொடுத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று பேர் வந்து உட்காரும் மேசை அது. ஆடினால் பகடை உருண்டு கீழே போய்விடும். அதைத் தேடி எடுப்பதற்குள் கதையின் சூடு ஆறிவிடும்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆனால் அந்த விளையாட்டு என்னவென்று சொல்லாமல் நான் செய்ததை மட்டும் சொன்னால் என்னைக் கிறுக்கன் என்று எழுதிக்கொள்வீர்கள். நான் கிறுக்கன் இல்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸை வெட்டிச் சட்டத்தில் பொருத்துகிற ஆள். இம்மி பிசகினாலும் வாடிக்கையாளருக்குத் தலைவலி வரும். என் கைவேலையால் யாருக்கும் தலைவலி வந்ததாகப் பேச்சே கிடையாது.

அந்த வேலையில் ஒரு விசித்திரம் உண்டு. வருகிறவர் பழைய கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்துப் பேசுவார். அப்போது அவருக்கு என் முகம் தெரியாது. புதியதை மாட்டிவிட்டதும் எல்லாம் பளிச்சென்று தெரியும். உடனே திரும்பி நிலைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்வார். குறையாகச் சொல்லவில்லை, வேலையின் லட்சணம் அப்படி.

வீட்டிலும் ஆள் கிடையாது. வாரம் பூராவும் அங்கே சத்தம் போடுவது குக்கரும் தண்ணீர்க் குழாயும்தான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் டீ குடித்த டம்ளர்களை அன்றைக்கே கழுவ எனக்கு மனம் வராது. மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது மேசைமேல் நாலு டம்ளர் கிடப்பதை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்துதான் கழுவுவேன். தனியாக இருந்து பழகியவர்களுக்கு இது புரியும்.

விளையாட்டு எளிமையானது. நான் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போவேன். மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, நான் மதிலேறிக் குதிக்கிறேன், நான் கதவை உடைக்கிறேன் என்பார்கள். அது முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். கதை சொல்கிறவன் மட்டும் தன் முன்னால் ஓர் அட்டையை மறைப்பாக நிறுத்திக்கொண்டு அதற்குப் பின்னால் பகடை போடுவான். என்ன விழுந்தது என்று அவன் சொல்வதுதான் கணக்கு. எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை.

எங்கள் மேசையில் தொழிலை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வோம். நர்ஸ் அக்கா, கணக்கு டீச்சர், லிஃப்ட், கண்ணாடி. லிஃப்ட் என்பவன் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், எங்களில் இளையவன். ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன் குடியிருந்தது லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். நர்ஸ் அக்கா இதை வைத்து அவனை ஓட்டாத வாரமில்லை. அவனும் சளைக்க மாட்டான். சிரித்தால் மேசையே அதிரும். என்னை அண்ணே என்று கூப்பிட்டது உலகத்தில் அவன் ஒருவன்தான்.

அரைத் தெய்வங்களைப் பற்றிய யோசனை டீச்சருடையது. "எத்தனை நாளைக்குத்தாங்க இந்தத் திருடனையும் ஓநாயையுமே அடிச்சிட்டிருக்கிறது? எங்களையும் கொஞ்சம் பெரிய ஆளாக்குங்களேன்" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்து அந்தக் கதையைக் கட்டினேன். ஒரு துறைமுக நகரம். அங்கே சாதாரண மனிதர்களாகப் பிழைக்கும் மூன்று பேருக்குத் தங்கள் உடம்பில் பாதி தெய்வ ரத்தம் ஓடுவது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவருகிறது. நர்ஸ் அக்கா இடியின் மகள், டீச்சர் நிழலின் மகள், லிஃப்ட் கடலின் மகன்.

மனிதனைத் தெய்வமாக்குவது பெரிய காரியமில்லை, ஐயா. ஆக்கிய பிறகுதான் சங்கடம். எதையும் செய்ய முடிகிறவனுக்குக் கதையில் வேலை இருக்காது. ஆகவே ஒரு விதி வைத்தேன். ஒவ்வொரு அரைத் தெய்வத்துக்கும் ஒரு மனிதர் நங்கூரம். அந்த மனிதர் உயிரோடு இருக்கும்வரை அந்தத் தெய்வம் மண்ணைவிட்டு எழும்ப முடியாது. நங்கூரம் அறுந்தால் முழுத் தெய்வம். வலிமை வேண்டுமா, அன்பு வேண்டுமா என்று விளையாடுகிறவரே முடிவு செய்யட்டும் என்பதுதான் என் எண்ணம். நான் கட்டிய கதைகளில் இது சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

நர்ஸ் அக்கா தன் பூனையைக் கொடுத்துப் பார்த்தார். மனிதர்தான் வேண்டும் என்றதும் முணுமுணுத்துக்கொண்டே ஒரு தோழியைக் கற்பனை செய்தார். லிஃப்ட் யோசிக்கவேயில்லை. "எங்கப்பாதான். வேற யாரு இருக்கா என்கூட?" என்றான். கதைக்குள் அவன் அப்பாவைப் படகோட்டியாக வைத்தேன். வெளியில் அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மனைவி போன பிறகு மகனோடு இருந்தார். மூச்சிரைப்பு உண்டு. வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து எப்போதும் சட்டைப்பையில் இருக்கும்.

கதை பாதியைத் தாண்டியிருந்தபோது ஒருநாள் அவன் போகிற போக்கில் சொன்னான். "அப்பாவால இனிமே மூணு மாடி ஏற முடியாதுண்ணே. அக்கா வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கோம். தரைத்தளம், பக்கத்துலயே ஆஸ்பத்திரி. எனக்கும் அங்க வேலை கிடைச்சிரும்." அவனுடைய சொந்த அக்காவின் வீடு ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போகும் தூரம். நர்ஸ் அக்கா கைதட்டி வாழ்த்தினார். டீச்சர் தானும் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கலாம் என்றிருப்பதாகச் சொன்னார். ஒரு மேசை எப்படிக் கலையும் என்று எனக்குத் தெரியும். ஒருவர் எழுந்தால் மற்றவர்களும் செருப்பைத் தேட ஆரம்பிப்பார்கள். அன்றிரவு எழுந்து எழுந்து போய் மேசையைப் பார்த்தேன். பயம்தான், வேறொன்றுமில்லை.

கோபப்படவில்லை. கதையைத்தான் கொஞ்சம் திருத்தினேன். அவன் அப்பாவை அக்காவிடம் விட்டுவிட்டு இங்கேயே இருக்கலாம், அதில் தப்பில்லை என்பது அவனுக்கு உறைக்க வேண்டும். நேரில் சொன்னால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். கதையில் ஒருமுறை கையை விட்டுப் பார்த்தால் நிஜத்திலும் விட வரும். ஆகவே புயலில் படகு கவிழ்வதாக அமைத்தேன். படகோட்டி நீரில் மூழ்குகிறார். கடலின் மகன் கையை விட்டால் முழுத் தெய்வமாக எழுவான். விடாவிட்டால் மனிதனாகவே கிடப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போலத்தான் தொடங்கியது. ஆட்டத்தின்போது போன்களைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவது டீச்சர் கொண்டுவந்த பழக்கம். டப்பா என் பக்கத்தில் இருக்கும். அவன் மட்டும் போனைப் போடும்போது, "அப்பா கூப்பிட்டா மட்டும் சொல்லுங்கண்ணே" என்பான். அன்றும் சொன்னான். வரும் வழியில் மருந்துக்கடையில் அப்பாவுக்குப் புது மருந்து வாங்கியதாகவும் சொன்னான். அது அவனுடைய வேலைப் பையில் இருந்தது. பை மேசைக்கு அடியில் இருந்தது.

புயல் வந்தது. படகு கவிழ்ந்தது. நான் நன்றாகத்தான் சொன்னேன், டீச்சர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். கையை விடுகிறாயா என்று அவனைக் கேட்டேன். "மாட்டேன்" என்றான். விட்டால் தெய்வம் ஆவாய் என்றேன். "எனக்குத் தெய்வமாக வேணாம்ணே. அவரைக் கரைக்குக் கொண்டுபோறேன். நீங்க பகடையைப் போடுங்க" என்றான். எத்தனை விதமாகச் சொல்லியும் பிடிவாதமாக அதையே சொன்னான். அப்போது டப்பா அதிர்ந்தது. மேசையில் கூச்சலாக இருந்ததால் எனக்கு மட்டும் கேட்டது.

டீ போடுகிறேன் என்று டப்பாவோடு சமையலறைக்குப் போனேன். திறந்து பார்த்தேன், அவன் போன்தான். அப்பா என்றிருந்தது. எடுத்து ஹலோ என்றேன், என் குரல் அவருக்குப் பழக்கம்.

"கண்ணாடிக்காரத் தம்பியா? அவன் இருக்கானாப்பா? மூச்சு முட்டுது. பழைய மருந்து தீந்துபோச்சு."

"அவன் அப்பவே கிளம்பிட்டான்ப்பா. வந்துட்டே இருக்கான்."

"பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிடட்டுமா?"

"எதுக்குப்பா அவங்களுக்குச் சிரமம்? கதவை மட்டும் தொறந்து வெச்சிட்டு உக்காந்திருங்க. இதோ வந்துருவான்."

"சரிப்பா. நல்லா இரு" என்றார். அதைச் சொல்லவே அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

அவன் போனுக்குப் பூட்டு கிடையாது, அழைப்பு வந்த தடத்தை அதிலிருந்து அழித்தேன். டீயை வடிகட்டினேன். நாலு டம்ளரையும் தட்டில் வைத்துக்கொண்டு போனேன். நர்ஸ் அக்காவின் டம்ளரை அவர் கையிலேயே கொடுத்தேன். மூச்சுத் திணறுகிறவர்களை வாழ்நாளெல்லாம் பார்த்துக்கொண்டவர் அவர். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார். அவன் வீடு நடக்கிற தூரம்தான். சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டேன்.

பிறகு மறைப்புக்குப் பின்னால் பகடையைப் போட்டேன். மோசமாக விழுந்தது. அந்த எண்ணுக்குப் படகோட்டி செத்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அப்போது மனம் இளகியிருந்தது. "பெரிய எண் விழுந்திருக்கு. அப்பாவைக் கரையேத்திட்ட" என்றேன். அவன் எழுந்து நின்று கத்தினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தான். "நீங்க பெரிய மனுசன்ணே" என்றான். அதன் பிறகு ஆட்டத்தை நிறுத்தவே யாருக்கும் மனமில்லை. வெளிச்சம் மங்கும்வரை விளையாடினோம். எங்கள் மேசையில் அப்படி ஒரு நாள் அமைந்ததில்லை.

அவன் வீட்டுக்குப் போனபோது அப்பா திறந்த கதவைப் பார்த்தபடி நாற்காலியில் உயிரில்லாமல் உட்கார்ந்திருந்தாராம். முடியாத உடம்புதானே என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். இறுதிச் சடங்கில் அவன் பக்கத்திலேயே நின்றேன், சாப்பிட வைத்தேன், பத்திரமாக வீட்டில் கொண்டுபோய் விட்டேன். இனி அக்கா ஊருக்குப் போகும் அவசியம் அவனுக்கு இல்லை. அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். சிரிப்பு மட்டும் வரவில்லை. நாளாக ஆக வரும் என்று விட்டுவிட்டேன்.

நான் செய்த பிழை ஒன்றுதான், அது கதை சொல்கிறவர்கள் மட்டும் செய்யக்கூடிய பிழை. மறைப்புக்குப் பின்னால் நடப்பது யாருக்கும் தெரியாது என்று பழகிவிட்டோம். இவன் போனில் அழித்துவிட்டால் அந்த அழைப்பே நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கூப்பிட்ட அந்த மனிதரிடமும் ஒரு போன் இருக்கிறது, அதிலும் பதிவாகும் என்று தோன்றவேயில்லை. அப்பாவின் எண்ணை ரத்து செய்ய வேண்டும் என்று அவன் அக்கா அந்த போனை எடுத்துப் பார்த்திருக்கிறார். கடைசியாக மகனுக்குத்தான் பேசியிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டுத் தம்பியிடம் சொல்லியிருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். கடைக்கு விடுமுறை, நான் வீட்டில்தான் இருந்தேன். வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, "அப்பா என்னண்ணே சொன்னாரு?" என்று கேட்டான். வேறு கேள்வி கேட்டிருந்தால் ஏதாவது கதை சொல்லியிருப்பேன். இதற்கு உள்ளதை உள்ளபடி சொன்னேன், பக்கத்து வீட்டம்மாவைப் பற்றியும் சேர்த்து.

"மருந்து என் பையில இருந்தது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன், தொடவில்லை. அங்கிருந்து நேராகத்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. மறந்துவிட்டேன், கவனிக்கவில்லை என்றெல்லாம் எழுத வேண்டாம், ஐயா. அவர் சாவார் என்று தெரிந்துதான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னேன். அவர் போய்விட்டால் இவன் என் மேசையை விட்டுப் போகமாட்டான் என்றுதான் செய்தேன்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை அவன் வெகுநேரம் இருந்தான். விளையாட்டு இல்லை, நர்ஸ் அக்கா இல்லை, டீச்சர் இல்லை. எனக்காக மட்டும் ஒருவர் என் வீடு தேடி வந்தது அதுதான் முதல் தடவை.