கொக்கி இல்லாத ஜாக்கெட்

மீன்சுருட்டியிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்ணும் அவளுடைய அண்ணியும் உட்கார்ந்திருந்தார்கள். அரியலூர்க் கோயிலில் அன்று அவளுக்கு நிச்சயதார்த்தம்.

"கொக்கி வைக்க நேரமில்லன்னு, ஜாக்கெட்டை எனக்கு மாட்டிவிட்டு முன்பக்கத்தை அப்படியே தைச்சுட்டீங்களே அண்ணி!"

"அரைமணி நேரம் மிச்சம்டி. இல்லாட்டி இந்த பஸ்ஸைப் புடிச்சிருப்போமா?"

"மாப்பிள்ளை வூட்டுல புடவையும் ஜாக்கெட்டும் குடுத்து மாத்திட்டு வரச் சொல்லுவாங்க. நாத்தனாரும் கூடவே வந்து நிப்பாங்க. இதை எப்படிக் கழட்டறது?"

அண்ணி பையைத் துழாவினார். "கத்தரிக்கோலை வூட்லயே வச்சுட்டேன். விடு, எனக்குப் பல்லு இருக்கு."

அந்தப் பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஐயோ அண்ணி, ஒரு தையல் விட்டுருச்சு!"

"நல்லதாப் போச்சு. முந்தானையை இழுத்து மூடிக்க. மிச்சத் தையலை நாத்தனார் வந்தப்புறம் சிரிச்சே பிரிச்சுக்கலாம்."