கீழ்த்தள அறையும் மூன்றாம் வருடமும்

1. பாப்பிரெட்டிப்பட்டியில் பஸ் கிளம்பியது.
2. காலில் இரும்புப் பட்டை கட்டிய மாணவன் ஒருவன், தன் மாமாவோடு எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தான்.
3. "மாமா, கிளாஸ்லதான் நான் முதல் வருசம். ஹாஸ்டல்ல மூணாவது வருசம்" என்றான்.

"அதெப்படி மாப்ள?"

"கீழ் ரூமெல்லாம் மூணாவது வருசத்துக்காரங்களுக்குத்தானுங்க. எனக்கு மாடியில போட்டாங்க. சாப்பிட எறங்கி வரதுக்குள்ள சோறு தீந்துடும்."

"வார்டன்கிட்ட சொல்றதுதான?"

"சொன்னேனுங்க. வழக்கத்த மாத்த முடியாதுன்னாரு. அதனால என்னையே மூணாவது வருசம்னு அறிவிச்சுட்டாரு. கீழ வந்துட்டேன்."

"பசங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"என் கிளாஸ் பசங்களே எந்திரிச்சு நின்னு 'அண்ணா'ங்கறாங்க. மார்ச்சுல எனக்கும் பிரிவு உபசார விழா இருக்குதுங்க."

மாமா விரல் விட்டு எண்ணினார். "மூணாவது வருசம் முடிஞ்சா ரூம காலி பண்ணணுமே. இன்னும் ரெண்டு வருசம் எங்கடா படுப்ப?"

"நானும் அதத்தான் கேட்டேனுங்க. ஹாஸ்டல்ல மட்டும் உன்னை ஃபெயில் போட்டுடறேன்னு சொல்லிட்டாரு."

"நல்ல மனுசன்" என்றார் மாமா.

தர்மபுரியில் இறங்கியபோது நிலவரம்: படிப்பு முடியும்வரை கீழ் அறை அவனுக்கு உறுதி. பிரிவு உபசாரம் மூன்று முறை நடக்கும்.