உறுதி என்று எழுத இரண்டு பேர்

தலைமை தாங்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் அக்காவின் மகளே, ஆய்வகத் தோழர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நம் திசுப் பரிசோதனைப் பிரிவின் தலைமை மருத்துவர், நாம் எல்லோரும் 'மறுபடியும் அக்கா' என்று அழைத்தவர், இன்று நம்மிடையே இல்லை. "மறுபடியும் பாருங்க" என்று அவர் சொல்லாத நாள் உண்டா? அதற்குப் பயந்து டீ குடிக்க நழுவியவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்! நானும் நழுவியிருக்கிறேன்.

பதினெட்டு ஆண்டுகள் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நுண்ணோக்கி பார்த்தவன் நான். 'இருக்கலாம்' என்று எழுதினால் இன்னும் தேட வேண்டும் என்பார். 'பெரும்பாலும்' என்றால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டோம், ஆனாலும் கத்தியை எடுக்கக் கூடாது. 'நிச்சயம்' என்பது பார்த்தவர் மனசுக்குள் இருப்பது. இரண்டாவது ஆள், நோயாளியின் பெயர் தெரியாமல், வெறும் வரிசை எண்ணை வைத்துப் பார்த்து அதையே சொன்னால்தான் 'உறுதி'. தாமதம் என்று அறுவை மருத்துவர்கள் ஃபோனில் கத்துவார்கள். "கத்தட்டும். வெட்டின காலை நாம ஒட்டவா முடியும்?" என்பார் அக்கா.

சென்ற ஆண்டு திசு ஒட்டிய ஒரு கண்ணாடித் தகடு வந்தது. கூட வந்த சீட்டில் அக்காவின் பெயர். புற்றுதான், எனக்குத் துளியும் சந்தேகமில்லை. இருந்தும் என் கை 'பெரும்பாலும்' என்றுதான் எழுதியது. வரிசை எண்ணை மட்டும் ஒட்டி அவரிடம் நகர்த்தினேன். வேறு யாரிடம் கொடுப்பேன்? அங்கே இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான்.

பார்த்து முடித்து, என் தாளை எடுத்தார். "இவ்வளவு தெளிவா இருக்கே, ஏன் பெரும்பாலும்?"

நான் நிமிரவில்லை.

"என்னுதா?"

தலையாட்டினேன். அவர் பேனாவை எடுத்தார். பிறகு, "எனக்காக வார்த்தையை மாத்தாதப்பா. இன்னைக்கு எனக்கு மாத்தினா நாளைக்கு இன்னொருத்தருக்கும் மாத்துவ," என்று சொல்லி, அதை அடித்துவிட்டுத் தன் கையாலேயே 'உறுதி' என்று எழுதினார். மறுநாளே சிகிச்சை தொடங்கியது. பதினோரு மாதங்கள் கிடைத்தன. அதில் ஒன்பது மாதம் வேலைக்கு வந்தார்!

அக்கா, உங்களை நினைத்தால் எனக்கு அழுகையும் வருகிறது, பெருமையும் வருகிறது.

அவருடைய வழக்கத்தை நான் காப்பேன். இது நிச்சயம். அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. தோழர்களே, நாளை அந்த எதிர் நாற்காலியில் உட்காரப் போகும் நீங்கள் யாராக இருந்தாலும், என்னைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 'உறுதி' என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.