பதிவேட்டில் இல்லாத புழு

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பயிர்ப் பாதுகாப்பு இயக்குநர் அவர்களே! எல்லை தாண்டி வந்து அவருக்கு வலப்பக்கம் வீற்றிருக்கும் அண்டை நாட்டு இயக்குநர் அவர்களே! பெரியோர்களே, தாய்மார்களே, மக்காச்சோளம் விதைத்துவிட்டுக் குருத்தைத் தேடிக்கொண்டிருக்கும் உழவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

பூச்சி ஒழிப்பில் பன்னாட்டு ஒத்துழைப்பு பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒத்துழைப்பு இல்லை என்று யார் சொன்னது? படைப்புழு அந்த நாட்டில் புகுந்தது. அவர்கள் வாய் திறக்கவில்லை. இந்த நாட்டில் புகுந்தது. நாமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் சோளத்தை எவன் வாங்குவான்? இரண்டு அரசுகள் இத்தனை ஒற்றுமையாக வேறு எதில் இருந்திருக்கின்றன? கைதட்டாதீர்கள் ஐயா, இன்னும் இருக்கிறது.

மூன்றாம் வரிசையில் மடியில் பையோடு இருப்பவர் என் அண்ணி. அவர் தங்கை வாழ்க்கைப்பட்டது ஆற்றுக்கு அக்கரையில், அண்டை நாட்டில். ஒருநாள் போனில் சொன்னாள்: "அக்கா, குருத்தைப் பிரிச்சுப் பாரு. மரத்தூள் மாதிரி கிடந்தா புழு வந்தாச்சு. இங்க சத்தமில்லாம ஒரு குட்டிக் குளவி விடுறாங்க. புழுவோட முட்டையையே காலி பண்ணிடுது. அனுப்பச் சொல்றேன்."

குளவிக் குஞ்சு உள்ளே வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டைகள் வந்தன. எல்லைச் சாவடியில் நின்றன. அண்ணி நம் பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஓடினார்.

"எந்தப் புழுவுக்கும்மா இது?"

"படைப்புழுவுக்கு சார்."

"அது நம்ம நாட்டுல இல்லையே. பதிவேட்டுல 'இல்லை'ன்னு இருக்கு. இல்லாத புழுவுக்கு எதுக்குக் குளவி?"

"பாதி வயலு அது வயித்துல இருக்கு சார்!"

"அப்ப அது அனுமதியில்லாம வந்திருக்கு. அதைப் பத்தி நான் பேசக்கூடாது."

நாலாம் நாள் குளவிகள் சாவடியிலேயே பொரிந்து வெளிவந்து, சன்னல் கண்ணாடியில் மோதிச் செத்தன. நான் கேட்கிறேன்: புழு விண்ணப்பம் போட்டதா? வரிசையில் நின்றதா? முத்திரை வாங்கியதா? அழிக்க வந்ததற்கு அகலத் திறந்த கதவு. அதை அடக்க வந்ததற்கு ஆயிரம் தாள்!

முதல் விதைப்பு போயிற்று. அடுத்ததற்குப் பத்தே நாள். அதுவும் போனால் அண்ணியின் குத்தகை நிலம் கைவிட்டுப் போகும். நம் இயக்குநர் பதிவேட்டில் 'உண்டு' என்று எழுதட்டும்; மற்றவர் அட்டையை அனுப்பட்டும். இருவருக்கும் நடுவில் ஒரு தண்ணீர்ப் புட்டிதானே இருக்கிறது!

அண்ணி, பையைக் கொண்டு வாங்க. இது மிஞ்சிய கதிர். இந்த வெள்ளை விரிப்பில் வைக்கிறேன்... தலைவர் அவர்களே, ஏன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுகிறீர்கள்? உங்கள் பதிவேட்டின்படி அது இங்கே இல்லையே!

பேனா பக்கத்திலேயே இருக்கிறது. கையெழுத்து விழும்வரை கதிரும் இங்கேயே இருக்கும். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், சரியான நேரத்தில் தலைகாட்டிய புழுவுக்கும் நன்றி. வணக்கம்.