உப்புப் பார்க்காதவள்

— கையை எடுங்கோ! ஈரக்கையோட உப்புப் பைக்குள்ள கை விடுறீங்கள். எல்லாம் கட்டியாப் போகப்போகுது.

— கட்டியானா என்ன, மீனுக்குத்தானே போடுறம்.

— நீங்கள் பிடிக்கிறதோட சரி. உப்புப் போடுறது நான். அங்கால தள்ளி இருங்கோ.

— ஓம் மகாராணி... எவ்வளவு வந்திருக்கெண்டு பாத்தியே? அல்ரோனா ஜெற்றியில இண்டைக்குக் கடல் அள்ளிக் குடுத்தது. பக்கத்தில நிண்ட வெள்ளைக்காரன் ஹெரிங், ஹெரிங் எண்டு துள்ளுறான்.

— நீங்கள் என்ன சொன்னீங்கள்?

— எங்கட ஊர்ச் சூடைமீன் எண்டன். தலையாட்டினான்.

— இது சூடையே? சூடைக்கு இவ்வளவு உடம்பு எங்கயிருந்து?

— ஒஸ்ரேலியாக்கு வந்தா எல்லாரும் கொழுக்கிறதுதானே. உன்னைப் பார்.

— கையில கத்தி இருக்கு. பாத்துக் கதையுங்கோ.

— கராஜுக்குள்ளதானே காயப்போடப்போறாய்? வெளியில கட்டிப்போடாதை. போனமுறை பக்கத்து வீட்டு மனிசி மணக்குதெண்டு கவுன்சிலுக்குப் போன் அடிச்சது ஞாபகம் இருக்குத்தானே.

— இருக்கு, இருக்கு. ஃபானைப் போட்டுவிட்டா ரெண்டு நாளில காஞ்சிடும். இந்தாங்கோ, இந்த ஊறல் தண்ணியில உப்புப் பாத்துச் சொல்லுங்கோ.

— ம்... காணும். இன்னும் ஒரு பிடி போட்டாலும் பிழையில்லை.

— ஒண்டைச் சொல்லுங்கோ. காணுமோ, போடவோ?

— நீயே ஒருக்கா நாக்கில வைச்சுப் பாரன்.

— பகிடி விடாதையுங்கோ.

— பகிடியில்லை, ஜெனோஜா. நாலு மீனை உப்பில போடாமல் எடுத்து வைச்சிருக்கிறன். மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரிச்சா... ரெண்டு உனக்கு.

— உங்களுக்கு என்ன இண்டைக்கு?

— தபசுகாலத்து வெள்ளிக்கிழமை. கோயில்காரர் முழுப்பேரும் இறைச்சியை விட்டிட்டு மீன் தின்னுதுகள். நீ மட்டும் பருப்பு.

— எனக்கு வெள்ளி, சனி, ஞாயிறு எல்லாம் பருப்புத்தான். பன்ரண்டு வருசமா உங்களுக்கு அது தெரியேல்லையோ?

— தெரியும். படகில வெளிக்கிட்ட தம்பி றெஜி வந்து சேருமட்டும் மீனை வாயில வைக்கிறேல்லையெண்டு நேர்த்தி வைச்சீங்கள். அங்க பேசாலையில அம்மா, இஞ்ச நீ.

— அம்மா அப்பிடித்தான் வைச்சவ.

— அந்த அம்மாவைப் பற்றித்தான் கதைக்க வந்தனான். மத்தியானம் சின்னம்மா போன் எடுத்தவ, மன்னார் ஆசுப்பத்திரியிலயிருந்து.

— எனக்கு ஏன் சொல்லேல்லை? அம்மாவுக்கு என்ன?

— பயப்பிடாதை... உயிருக்கு ஒண்டுமில்லை. உடம்பில ரத்தமே இல்லையாம். எழும்பி இருக்க ஏலாது. ஒவ்வொரு நாளும் மீன் குடுக்கச் சொல்லி டொக்டர் ஏசினவராம். சின்னம்மா மீன் சொதி வைச்சுக்கொண்டு போனா, வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிடக்கிறாவாம்.

— முட்டை குடுக்கலாமே, இறைச்சி குடுக்கலாமே...

— இறைச்சி திண்டா சத்தி எடுக்கிறாவாம். முட்டை ஒரு வாயோட சரியாம். மீன்தான் உள்ளுக்குப் போகக்கூடியது, அதைத் தொடமாட்டாவாம். கடைசியா என்ன சொன்னவ தெரியுமே? ஜெனோஜா திண்டா நானும் தின்னுறன் எண்டு.

— அம்மா அப்பிடியே சொன்னவ?

— ஆறு மணிக்கு வீடியோவில எடுப்பினம். அங்க மத்தியானச் சாப்பாட்டு நேரம். நீ ஒரு துண்டை வாயில வை. அம்மா பாக்கட்டும். வேற ஒண்டும் செய்யவேண்டாம்.

— நான் தின்னுறதைப் பாத்தா அம்மா என்ன நினைப்பா?

— பிள்ளைக்குப் பசிச்சுது, திண்டிட்டாள் எண்டு நினைப்பா.

— உங்களுக்கு என்ர அம்மாவைத் தெரியாது. றெஜி செத்திட்டான், மகளுக்குச் செய்தி வந்திட்டுது எண்டு நினைப்பா. சொதி இறங்குதோ இல்லையோ, அவவின்ர உயிர் இறங்கிப்போடும்.

— ஃபாதரைக் கேட்டனான். வருத்தக்காரருக்காக நேர்த்தியை மாத்தலாமாம். மீனுக்குப் பதிலா வேற ஒண்டை விடலாமாம்.

— என்னத்தை விடச் சொல்லுறீங்கள்?

— தேத்தண்ணி...

— தேத்தண்ணியையும் விட்டிட்டு நான் என்னெண்டு உங்களோட மாரடிக்கிறது?

— சிரிச்சுக்கொண்டு சொல்லுறாய். அந்தப் பக்கம் ஒரு மனிசி கிடந்து வாடுது.

— ஆர் சிரிச்சது? நீங்கள்தானே சொன்னீங்கள், றெஜி இந்தோனேசியாச் சிறையில இருக்கிறான், கண்ட ஆள் இருக்கெண்டு. போன நத்தார் பண்டிகைக்கும் அம்மாவுக்குப் போனில சொன்னீங்கள். உயிரோட இருக்கிற தம்பிக்கு வைச்ச நேர்த்தியை அம்மா ஏன் முறிக்கவேணும்? நான் ஏன் முறிக்கவேணும்?

— பன்ரண்டு வருசம் ஆச்சு, ஜெனோ.

— சிறையெண்டா பன்ரண்டு வருசம் இருக்கிறவையும் இருக்கினம்.

— அதுக்கில்லை...

— பிறகு எதுக்கு? ஒரு காரணம் சொல்லுங்கோ. நான் இப்பவே இதைப் பச்சையாத் திண்டு காட்டுறன்.

— விடு. பொரிக்கவும் வேண்டாம், தின்னவும் வேண்டாம்.

— ஏன் விடவேணும்? நீங்கள்தானே தொடங்கினீங்கள். எங்க எழும்புறீங்கள்? இருங்கோ.

— அப்பிடி ஒரு ஆள் இல்லை.

— எப்பிடி ஒரு ஆள்?

— சிறையில கண்டதெண்டு சொன்ன ஆள். ஒருத்தனும் காணேல்லை. அது நான் கட்டின கதை.

— ம்.

— ம் எண்டா?

— வெட்டிக்கொண்டு இருக்கிறன். சொல்லுங்கோ.

— கத்தியை வை முதல்.

— வைச்சா மீன் பழுதாகிப்போடும். நீங்கள் சொல்லுங்கோ.

— அவன் எனக்கு எடுத்தவன்... படகிலயிருந்து. சற்றலைற் போனில.

— எப்ப?

— அந்த யூலை மாசம். ஸ்பிரிங்வேல் வீட்டில இருக்கேக்க. நீ உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் போயிருந்தனீ. எஞ்சின் நிண்டிட்டுதாம். தண்ணி ஏறுதாம், இறைச்சு இறைச்சுக் கை விட்டுப் போச்சாம். பின்னால சனம் கத்துற சத்தம்... குழந்தையளும். ஆருக்கெண்டாலும் சொல்லுங்கோ அத்தான் எண்டான்.

— சொன்னீங்களோ?

— கிடைச்ச நம்பருக்கெல்லாம் அடிச்சன். எனக்கு வந்த இங்கிலிசில சொன்னன். எங்க, எங்க எண்டு கேக்கிறாங்கள். கடலுக்குள்ள எங்கயெண்டு நான் என்னத்தைச் சொல்ல?

— திருப்பி அவனுக்கு எடுக்கேல்லையோ?

— எடுத்தனான். நாள் முழுக்க எடுத்தனான். அடிக்கவே இல்லை. ஒரு கிழமையால அந்தப் பக்கம் பலகையும் டீசல் கானும் மிதந்ததெண்டு செய்தியில சொன்னாங்கள். நீ பாக்க முதல் ரீவியை நிப்பாட்டிப்போட்டன்.

— ஏன் எனக்குச் சொல்லேல்லை?

— என்னெண்டு சொல்லுறது? வா எண்டு கூப்பிட்டவன் நான். அவன் பேசாலையில தன்ர வலையோட நிண்டவன். ஒஸ்ரேலியா வேண்டாம் அத்தான் எண்டவன். நாங்கள் வந்து சேரேல்லையோ, கடல் ஒண்டும் செய்யாது எண்டு நான்தான் சொல்லிச் சொல்லி ஏத்தினனான். உன்ர முகத்தைப் பாத்து... நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு இருந்திட்டன். பிறகு நீங்கள் ரெண்டுபேரும் நேர்த்தி வைச்சீங்கள். அதுக்குப் பிறகு வாயைத் திறக்கத் துணிவு வரேல்லை.

— ஆனா மீன் மட்டும் திண்டீங்கள்.

— ஓம், திண்டனான். நானும் மீனை விட்டா நீ விளங்கிக்கொள்ளுவாய் எண்டு பயத்தில திண்டன். அவனைக் கொண்டுபோன கடலில பிடிச்ச மீனெண்டு ஒவ்வொரு வாய்க்கும் நினைப்பு வரும். நீ உப்புப் பாக்கச் சொல்லி நீட்டேக்கையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவன். ஜெற்றிக்குப் போறதும் மீனுக்கெண்டு நினைச்சியே? அங்க நிண்டாத்தான் அழலாம். காத்துக்குக் கண் கலங்குதெண்டு சொல்லலாம்.

— எத்தினை மீன் மிச்சம் இருக்கு, அந்த வாளியில?

— மீனை விடு! அழு, ஜெனோஜா. என்னை ஏசு. அடி. இப்பிடிச் செதில் உரிச்சுக்கொண்டு இருக்காதை, எனக்குப் பயமா இருக்கு.

— என்னத்துக்குப் பயம்?

— நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லை. கூடப் பிறந்தவன் செத்தானெண்டு சொல்லுறன், நீ மீனை எண்ணுறாய்.

— நான் அழுது முடிச்சிட்டன்.

— எப்ப? நான் ஒருநாளும் காணேல்லையே.

— அண்டைக்குத்தான், வொஷிங் மெசினைச் சத்தமாப் போட்டுவிட்டு, அதுக்குப் பின்னால குந்தியிருந்து. உங்கட போன் காதில வைக்கிற பக்கம் பழுதாகி, நீங்கள் எந்நேரமும் ஸ்பீக்கரிலதானே கதைச்சனீங்கள்... கதவுக்கு அங்கால நிண்டு எல்லாம் கேட்டனான். அக்காவுக்குச் சொல்லாதையுங்கோ அத்தான், அவ தாங்கமாட்டா எண்டு அவன் கத்தினதும் கேட்டது. அதை இண்டைக்கும் நீங்கள் சொல்லேல்லை, பழியெல்லாம் உங்களிலதான் போட்டனீங்கள். வெளியில வந்து, ஆர் போனில எண்டு கேட்டன். றோங் நம்பர் எண்டீங்கள். அந்தக் கிழமைதான் மாதா படத்துக்கு முன்னால முழங்காலில நிண்டனான். தம்பி வரமாட்டானெண்டு தெரிஞ்சுகொண்டு அவன் வரவேணுமெண்டு நான் என்னெண்டு கேப்பன்? அம்மா மீனில்லாமல் இருக்கிறதும் தெரியும், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குறதும் தெரியும், எண்டாலும் பிடிவாதம் விடேல்லை. பாவம்தான், அதுக்கு நான் ஃபாதரிட்டத் தனியாப் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும். நான் வைச்ச நேர்த்தி, நீங்களா வாயைத் திறந்து உண்மையைச் சொல்லுமட்டும் மீன் தின்னுறேல்லை எண்டதுதான். இப்ப அது தீந்துது, அம்மா என்ன கேட்டாலும் நான் பாத்துச் சொல்லுறன். சட்டியை அடுப்பில வையுங்கோ, அம்மா எடுக்கப்போறா.